அச்சகம் போய் வந்த ஓவியங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சிறுவர் படப் புத்தகங்களுக்காக வரையப்பட்ட மூல ஓவியங்களைச் சேகரிப்பது, பாதுகாப்பது, காட்சிக்கு வைப்பது பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த மாதம். கடிதங்களில் பெரும்பாலானவை பேசின் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம், வடசென்னையிலிருந்து வந்தவை. உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் பழகிய முகவரிகள் என்பதால் பதில்களும் அதற்குத் தக்கபடி.

பழைய புத்தகக் கடையில் ஒரு படம் வாங்கினேன். ராஜா தோளில் வேதாளம். ‘ஒரிஜினல் சார், அச்சு இல்லை’ என்கிறார் கடைக்காரர். எப்படி உறுதி செய்வது?
– வாசகர், பெரம்பூர்

முதலில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) ஒன்று வாங்குங்கள். அச்சகத்திலும் தபால்தலை சேகரிப்பவர்களிடமும் இருக்குமே, அதுதான். முகம், வானம் போல நிறம் மென்மையாக இருக்கும் இடத்தை அதில் பாருங்கள். நீலம், ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னப் பூக்களாக வட்டம் கட்டி நின்றால் ஆஃப்செட் அச்சு. வரிசையில்லாமல் பொடி தூவினாற்போல் புள்ளிகள் இருந்தால் இங்க்ஜெட் பிரிண்ட். இரண்டுமே ஒரிஜினல் இல்லை. தூரிகையால் போட்ட நிறத்தில் புள்ளி இருக்காது. ஈரம் தேங்கிக் காய்ந்த ஓரத்தில் மெல்லிய கரை கட்டியிருக்கும்.

சிக்கல் கோட்டுச் சித்திரத்தில்தான். அச்சிலும் கோடு முழுக் கறுப்பாகவே விழும் என்பதால் லூப் உதவாது. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தாளோடு படுக்க வைத்து அடியுங்கள். இண்டியன் இங்க் தாள்மேல் லேசான மினுமினுப்போடு நிற்கும். பேனா முள் அழுந்திய இடம் பள்ளமாகத் தெரியும். அழிக்க விட்டுப்போன பென்சில் கோடு எங்காவது ஒளிந்திருக்கும். யூ.வி. டார்ச் கிடைத்தால் தாளையும் சோதிக்கலாம். காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கும் வழக்கம் பரவியது 1950 வாக்கில். 1940களில் வரைந்தது என்று சொல்லப்படும் தாள் அந்த ஒளியில் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டால், விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இத்தனையும் தேறினால் கையால் வரைந்தது என்பது மட்டும்தான் உறுதி. புத்தகத்துக்காக வரைந்ததா என்பது வேறு கேள்வி. அதிலும் நீங்கள் சொல்லும் படம்! 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் அந்த வேதாளத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன், முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அவர் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து கை பழகியவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. ஆகவே படம் அச்சான பக்கத்தைத் தேடிப் பிடித்து அருகில் வைத்துப் பாருங்கள். ஓரம் வரை நிறம் ஓடும் படங்களை, வெட்டும்போது வெள்ளை தெரியக்கூடாது என்று ஓவியர் வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை கூடுதலாக வரைந்திருப்பார். அச்சில் இல்லாத அந்த மிச்சம் ஒரிஜினலில் இருக்கும். பார்த்து வரைந்த படமோ அச்சு முடிந்த இடத்திலேயே முடிந்துவிடும். அளவையும் பாருங்கள். கோட்டுச் சித்திரங்களை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து பிளாக் (அச்சிடும் உலோகத் தகடு) எடுக்கும்போது சுருக்குவது வழக்கம். சுருங்கும்போது கோட்டின் நடுக்கமும் மறைந்துவிடும். சரியாக அச்சு அளவிலேயே இருக்கும் ‘ஒரிஜினல்’ மேல் கொஞ்சம் சந்தேகம் வைக்கலாம்.

கையெழுத்தை நம்பாதீர்கள். அச்சில் அதுவும் சேர்ந்துதான் விழும்; பார்த்து வரைபவரும் அதையும் சேர்த்தே வரைவார்.

என்னிடம் உள்ள ஓவியத்தின் ஓரமெல்லாம் நீலப் பென்சில் கிறுக்கல், வெள்ளைத் திட்டுகள், மேலே பழுத்துப்போன ட்ரேசிங் ஷீட். ஓரத்தை வெட்டிச் சுத்தமாக்கித் தருகிறேன் என்கிறார் ஃப்ரேம் கடைக்காரர்.
– வாசகி, தண்டையார்பேட்டை

கத்தரியை அவர் கையிலிருந்து வாங்கி வையுங்கள். சுவரில் மாட்டுவதற்காக வரைந்த படமில்லை அது, அச்சகத்துக்காக வரைந்தது. அச்சகம் போய் வந்ததற்கான அத்தாட்சியே அந்த ஓரம்தான்.

பிளாக் எடுக்கும் ஃபிலிமில் வெளிர்நீலமும் வெள்ளைத் தாளைப் போலவே விழும், கோடாகத் தெரியாது. அதனால்தான் குறிப்புகளை வெளிர்நீலப் பென்சிலில் எழுதினார்கள். ஓரத்தில் அம்புக்குறியோடு ஓர் எண் இருந்தால் அது எந்த அகலத்துக்குச் சுருக்க வேண்டும் என்ற குறிப்பு. மூலையில் வட்டமும் கூட்டல் குறியும் சேர்ந்தாற்போல் இருப்பது, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் விழுவதற்கான ரிஜிஸ்டர் மார்க். வெள்ளைத் திட்டு, ஓவியர் மனம் மாறிய இடம். சாய்வொளியில் அதற்கடியில் பழைய கோடு தெரிந்தாலும் தெரியும். ட்ரேசிங் ஷீட்டில் நிறக் குறிப்போ எழுத்து வரவேண்டிய இடமோ குறித்திருப்பார்கள். அது பழுத்து ஒடிந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். படத்தின் மேலேயே கிடந்தால் அதன் பழுப்பு ஓவியத்தில் இறங்கும் என்பதால், நடுவில் அமிலமற்ற மெல்லிய தாளைச் செருகி, ஒடிந்த துண்டுகளைத் தனிக் கவரில் போட்டு, இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள். எண்ணைத் தாளின் பின்பக்க மூலையில் பென்சிலால் மட்டும் எழுத வேண்டும். பால்பாயிண்ட் முன்பக்கம் தடம் காட்டும், ஜெல் பேனா ஈரத்தில் பரவும்.

ஃப்ரேமில் ஓரம் தெரிய வேண்டாம் என்றால் மவுண்டின் (படத்தைச் சுற்றி வரும் அட்டையின்) சன்னலைச் சிறிதாக வெட்டச் சொல்லுங்கள். எங்களைக் கேட்டால் ஓரம் தெரியவே வெட்டச் சொல்வோம்.

காசிமேட்டில் வீடு. கடல் கூப்பிடு தூரம். நான்கு வாட்டர்கலர் ஒரிஜினல்களை, சாமி படத்துக்கு ஃப்ரேம் போடும் கடையிலேயே கொடுக்கலாமா?
– வாசகர், காசிமேடு

சட்டமும் கண்ணாடியும் அங்கே போடலாம். அதற்கு முந்தைய வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கொடுங்கள். சாமி படத்துக்கு வழக்கமான முறை படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு அடித்து, சுற்றி ஆணி வைப்பது. அச்சுப் படம் போனால் இன்னொன்று வாங்கலாம். வாட்டர்கலரில் மூன்று கேடு வரும். கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும்போது தாள் அதில் ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். ஹார்ட்போர்டிலிருந்து வரும் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். உங்கள் ஊர்க் காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்து, அந்தத் துரு தாளுக்கு நகரும்.

மவுண்ட் போர்டு பாரிமுனை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் கேளுங்கள். முழுப் பருத்தியில் செய்தது, ஒன்றரை மில்லிமீட்டர் கனம் கிடைத்தால் உத்தமம். ‘ஆசிட் ஃப்ரீ’ என்று கடையில் சொன்னால் பி.எச். பேனாவால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஊதாவாக நின்றால் சரி, மஞ்சளாக மாறினால் அமிலம். மேல்தாளில் மட்டும் இழுத்துத் திருப்திப்படாமல் வெட்டிய விளிம்பிலும் இழுங்கள். மேலே நல்ல தாள் ஒட்டி உள்ளே மட்டமான கூழ் வைத்த அட்டைகள் உண்டு.

ஓவியத்தைப் பின் அட்டையில் பொருத்த ஃபெவிகால், செல்லோ டேப், டபுள் சைட் டேப் எதுவும் கூடாது. பைண்டிங் கடைப் பசையும் கூடாது. மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியிருப்பார்கள். பூச்சி வராது, உண்மைதான். ஆனால் மயில்துத்தத்தில் உள்ள செம்பு, தாள் மட்கும் வேகத்தைக் கூட்டிவிடும். பசையை நீங்களே காய்ச்சுங்கள். மைதா அல்ல, கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. ஒரு மணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் 20 முதல் 30 நிமிடம் கைவிடாமல் கிளற வேண்டும். மாவு வெள்ளை போய்க் கண்ணாடி போலத் தெளிந்து கெட்டியானதும் இறக்கி ஆறவைத்து, சன்னக் கண் சல்லடையில் இரண்டு தடவை தேய்த்து எடுங்கள். மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஜப்பானியக் கோஸோ தாளை 2 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகளாகக் கிழியுங்கள். கத்தரித்தால் விளிம்பு முன்பக்கம் தடம் போடும். கிழித்தால் நார் விரிந்து தாளோடு படியும். ஓவியத்தின் பின்பக்க மேல் விளிம்பில், இடமும் வலமும், 5 மில்லிமீட்டர் மட்டும் ஒட்டுமாறு வையுங்கள்; மீதி நீளம் பின் அட்டையில். பசை கிட்டத்தட்ட உலர்ந்த பதத்தில் இருக்க வேண்டும். தளரப் பூசினால் மெல்லிய தாளில் முன்பக்கம் ஈரக்கறை விழும். மேலே உறிஞ்சு தாளும் சிறு பாரமும் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். மற்ற மூன்று பக்கமும் தளர்வாகவே இருக்கட்டும். ஐப்பசி மழையில் தாள் உப்பும், வெயிலில் சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டியிருந்தால் அலை அலையாக எழும்பும், இல்லையேல் கிழியும்.

கடைக்காரரிடம் துருப்பிடிக்காத ஆணியும், ஹார்ட்போர்டுக்குப் பதிலாக நெளிவு வைத்த பிளாஸ்டிக் ஷீட்டும் கேளுங்கள். மூடும்முன் எல்லாப் பொருளையும் ஒரு நாள் ஏ.சி. அறையில், ஈரப்பதம் 50–55 சதவீதத்தில் வைத்திருந்து, அங்கேயே பின்பக்கம் டேப் போட்டு அடைத்துவிடுங்கள். ஈரமான நாளில் அடைத்தால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள். மாட்டும்போது ஃப்ரேமின் கீழ் மூலைகளில் ஒரு சென்டிமீட்டர் கார்க் துண்டுகள் ஒட்டிச் சுவரைவிட்டு விலக்குங்கள். கடலைப் பார்த்த வெளிச்சுவரும் குளியலறைச் சுவரும் வேண்டாம்.

லேமினேட் செய்தால் இவ்வளவு பாடு தேவையில்லையே?
– வாசகர், இராயபுரம்

செய்தபிறகு அது ஓவியமில்லை, ஓவியம் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக். பிரிக்க முடியாது. ரேஷன் கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹாலில் நிரந்தரமாக மாட்டி வைத்தால் நிறம் போய்விடுமா?
– வாசகி, எண்ணூர்

போகும், எவ்வளவு வேகமாக என்பது ஒளியையும் நிறத்தையும் பொறுத்தது. அருங்காட்சியகங்கள் வாட்டர்கலருக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) மேல் ஒளி விடுவதில்லை. தினம் 8 மணி நேரம் என்றால் 30 நாளில் 12,000 லக்ஸ்-மணி. சன்னலோரச் சுவரில் 500 லக்ஸ் இருந்தால் அதே கணக்கு மூன்றே நாளில் முடிந்துவிடும். ‘அப்பப்பதான் வெயில் படுது’ என்பது சமாதானமே ஆகாது. ஒளி கூடிக்கொண்டே போகும் கடன்.

கரியும் இண்டியன் இங்க்கும் தாங்கும். ஃபோட்டோ கலர் எனப்படும் சாய நிறங்களும் மார்க்கர் பேனாவும்தான் முதலில் போகும்; அவற்றிலும் ரோஜா நிறமும் ஊதாவும் முந்திக்கொள்ளும். மூன்று மாதம் மாட்டி, மீதி ஒன்பது மாதம் பீரோவில் ஓய்வு கொடுங்கள். அந்த இடத்தில் வேறொன்றை மாட்டலாம். சேகரிப்பு வளர நல்ல சாக்கு. பீரோவில் படுக்கை வசமாக, பி.வி.சி. அல்லாத பாலியெஸ்டர் கவரில் வையுங்கள். பேஸ்டல், கரித்துண்டு ஓவியம் மட்டும் அந்தக் கவரில் வேண்டாம். அதன் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும்.

ஒரிஜினல்களை வாங்கத் தொடங்க வேண்டும். எங்கே கேட்பது? இப்போது எல்லாரும் டேப்லெட்டில் அல்லவா வரைகிறார்கள்?
– வாசகர், கொளத்தூர்

புத்தகம் வெளிவந்தபின் ஓவியரிடமே கேட்பதுதான் நேர்வழி. பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினால் அவருக்கு அனுப்பிவைப்பார்கள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘ஏதாவது ஒண்ணு கொடுங்க’ என்பவருக்கு விற்காமல் மிஞ்சியதுதான் வரும். 24 அல்லது 32 பக்கப் புத்தகத்தின் முழுத் தொகுதியும் ஒரே இடத்தில் இருந்தால், அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவ வேண்டாம் என்பது எங்கள் கட்சி. பாத்திரத்தின் சட்டை நிறம் பக்கத்துக்குப் பக்கம் எப்படி மாறாமல் வந்தது என்பதைத் தொகுதியில்தான் பார்க்க முடியும்.

டேப்லெட்டில் வரைந்த புத்தகத்துக்கு மூலத் தாள் கிடையாது. கையெழுத்திட்ட பிரிண்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிரிண்ட்தான். அந்த விலைக்கே வாங்குங்கள். ஆனால் அதே ஓவியர்களில் பலர் முதல் யோசனையைத் தாளில்தான் போடுகிறார்கள். தீப்பெட்டி அளவில் மொத்தப் புத்தகத்தையும் ஒரே தாளில் போட்ட குட்டிப் படங்கள், கையால் மடித்துத் தைத்த டம்மி (மாதிரிப் புத்தகம்), நிறம் பார்த்த துண்டுகள்: இவற்றைக் கேளுங்கள். இன்னொரு வகையும் சென்னையிலேயே உண்டு. 1994இல் தொடங்கிய தாரா புக்ஸின் கையால் செய்த புத்தகங்களில் ஒவ்வொரு பக்கமும் சில்க் ஸ்கிரீனில் கையால் அச்சிடப்படுகிறது. லூப்பில் பார்த்தால் புள்ளி இராது, மை தடித்து நிற்கும். ஒரிஜினல் என்று சொல்லி அதன் பக்கங்களைக் கிழித்து விற்றால் ஏமாறாதீர்கள்.

வாங்கியதும் ஒரு நோட்டில் ஓவியர், புத்தகம், ஆண்டு, பக்கம், எதில் வரைந்தது, உயரம், அகலம், குறைகள், யாரிடம் வாங்கியது எல்லாம் எழுதி, ரசீதையும் ஒட்டிவிடுங்கள். பத்தாவது படம் வரும்போது முதல் படத்தின் கதை மறந்துபோகும்.

ஒரிஜினல் என் கையில் இருக்கிறது. அதைக் காலண்டராக அச்சிட்டு விற்கலாமா? பிறகு ஓவியத்தையே விற்றால் ஓவியருக்குப் பங்கு உண்டா?
– வாசகர், திருவொற்றியூர்

காலண்டர் கூடாது. தாள் உங்களுடையது, நகலெடுக்கும் உரிமை உங்களுடையது அல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்றித் தர முடியும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டுதான். உரிமை யாரிடம் என்பதை முதலில் விசாரியுங்கள். பொதுவாக ஓவியரிடம் இருக்கும். காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரிடம் இருக்கலாம். பத்திரிகையில் சம்பளத்துக்கு வரைந்ததானால், பத்திரிகையில் வெளியிடும் அளவுக்கு முதலாளியிடம். உரிமை காலாவதியாக, ஓவியர் மறைந்து, அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் ஓட வேண்டும்.

ஒரிஜினலை மறுவிற்பனை செய்யும்போது விலை 10,000 ரூபாயைத் தாண்டினால், முதல் உரிமையாளரான ஓவியரோ வாரிசுகளோ பங்கு கேட்கச் சட்டத்தின் 53ஏ பிரிவு இடம் தருகிறது. உச்சம் 10 சதவீதம். கண்காட்சி வைப்பதானால் ஓவியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். போஸ்டரில் படத்தைப் போட்டாலே அது நகல். மாட்டாமல் வைத்திருப்பதற்காக மட்டும் ஓவியர் உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. 57ஆம் பிரிவிலேயே அப்படி ஒரு விளக்கம் இருக்கிறது!

எங்கள் பள்ளியில் மூன்று நாள் கண்காட்சி. 20 ஒரிஜினல்கள் இரவல் வருகின்றன. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்கப் போகிறார்கள். எப்படி அமைப்பது?
– ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

மேலே சொன்ன 50 லக்ஸை நினைத்துக் கூடத்தை இருட்டாக்கிவிடாதீர்கள். 150 லக்ஸில் தினம் 8 மணி நேரம், மூன்று நாள் என்றால் 3,600 லக்ஸ்-மணிதான். வெயில் நேராக விழும் சன்னலுக்கு மட்டும் திரை போட்டால் போதும். மூன்று நாளில் ஓவியத்தைக் கெடுப்பவை வேறு: குண்டூசி, விரல், டீ, ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர்.

பழைய கட்டடமாக இருந்தால் சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். பூச்சு பொடியாக உதிர்ந்து ஃப்ரேமோடு வரும். எட்டுக்கு நாலு ப்ளைவுட்டைப் படுக்க வசத்தில் கால் வைத்து நிறுத்தி, இரண்டு இரண்டாக முதுகைக் கட்டிவிடுங்கள். ஒற்றையாக நின்றால் பிள்ளைகள் சாய்ந்ததும் விழும். பெயிண்ட் ஒரு வாரம் முன்பே அடித்து வாடை போயிருக்க வேண்டும். 8 அடி அகலம் 244 சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டர் அகல ஃப்ரேம் நான்கு, நடுவில் 20 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 220. இரு ஓரமும் 12 மிச்சம். ஐந்து பலகையில் இருபதும் அடங்கிவிடும்; ஐந்தாவதற்கு முதுகு கொடுக்க ஆறாவதாக ஒரு பலகை வேண்டும்.

பெரியவர்களுக்கு ஓவியத்தின் நடுப்புள்ளி 145–150 சென்டிமீட்டரில் வரும்படி மாட்டுவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு 110 போதும். பலகையையும் அந்த உயரம் வரும்படி கால் மேல் ஏற்றுங்கள். கொக்கியின் உயரத்துக்குக் கணக்கு: நடுப்புள்ளி உயரம், கூட்டல் ஃப்ரேம் உயரத்தில் பாதி, கழித்தல் இழுத்துப் பிடித்த கம்பிக்கும் ஃப்ரேமின் மேல்விளிம்புக்கும் உள்ள தூரம். 50 சென்டிமீட்டர் ஃப்ரேமில் கம்பி 6 சென்டிமீட்டர் கீழே நின்றால் 110 + 25 – 6, அதாவது 129. ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு கொக்கி போட்டால் சரியாது. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போட்டு வாங்குங்கள். பலகைக்கு முன் 45 சென்டிமீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள்.

எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பதில்தான் கண்காட்சியின் உயிர். வெறும் ஓவியங்களை வரிசையாக மாட்டினால் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் ஓடிவந்து முடித்துவிடுவார்கள். ஒரே பக்கத்தின் பென்சில் படம், நிறம் போட்டது, அச்சுப் புரூஃப், விரித்து வைத்த புத்தகம் என்று நான்கையும் ஒரே பலகையில் வையுங்கள். ஓவியத்தில் மேல் பாதி வானம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேள்வி அட்டை ஒன்று. பதில் பக்கத்துப் புத்தகத்திலேயே இருக்கும், அங்கேதான் கதை வரிகள் அச்சாகியிருக்கும். நடுவில் மடிப்பு விழும் இடத்தில் யார் முகமும் வராமல் ஓவியர் எப்படித் தப்பித்தார் என்று இன்னொன்று. அட்டை எழுத்தின் அளவு 24 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

தொட்டுப் பார்க்க ஒரு மேசை கண்டிப்பாக வேண்டும். அனுமதி வாங்கி எடுத்த வண்ண நகல்கள், லூப், பழைய பிளாக், ட்ரேசிங் ஷீட் எல்லாம் அங்கே. நகல் வைப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. தோக்கியோவில் 1977இல் திறந்த சிஹிரோ கலை அருங்காட்சியகமே ஒளி தாங்காத வாட்டர்கலர்களுக்கு உயர்தர நகல்களை மாட்டுகிறது.

இரவல் வந்த அன்றே ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, ஏற்கெனவே உள்ள கறை, மடிப்பை எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். திருப்பித் தரும்போதும் அதே தாள். ஆட்டோவில் கொண்டு வரும்போது ஃப்ரேம்களைப் படுக்க வைக்காமல், முகத்தோடு முகம், முதுகோடு முதுகாக நிறுத்தி வையுங்கள். கம்பிக் கொக்கி அடுத்த படத்தின் முகத்தைக் கீறிவிடுவதுதான் வழியில் நடக்கும் வழக்கமான விபத்து.

மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அலமாரியின் கீழ்த் தட்டு நனைந்தது.
– வாசகி, வியாசர்பாடி

முதலில், கீழ்த் தட்டில் இனி ஓவியம் வேண்டாம். பரணிலும் வேண்டாம், அங்கே ஒழுகும், வெயிலில் வேகும். இடுப்புக்கு மேல், உள்சுவரை ஒட்டிய தட்டுதான் இடம்.

நனைந்தபின் 48 மணி நேரம் உங்கள் கையில். அதற்குள் உலராவிட்டால் பூஞ்சை கிளம்பும். ஃப்ரேமில் இருந்தால் முகம் கீழாக மெத்தென்ற துணியில் வைத்துப் பின்பக்கத்தைத் திறங்கள். கண்ணாடியில் தாள் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அப்படியே விட்டுப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள். மற்றவற்றை உறிஞ்சு தாள்மேல், படம் மேலே பார்க்க, ஒவ்வொன்றாகப் பரப்புங்கள். அடித்தாளை ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்விசிறி அறைக்காற்றை ஓட்டட்டும், தாள்மேல் நேராக அடிக்கக் கூடாது. போஸ்டர் கலர் மேல் எதையும் ஒற்றாதீர்கள். நிறம் துணியோடு வந்துவிடும். வெயிலில் காயவைப்பது, ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி மூன்றும் கூடாது. சேறு இருந்தால் முழுக்கக் காய்ந்தபின் மென் தூரிகையால் தள்ளுங்கள். ஈரத்தில் துடைத்தால் நாருக்குள் ஏறும். உலர்ந்த தாள் அலைபாய்ந்து கிடப்பதைப் பற்றி அவசரப்பட வேண்டாம், அதைப் பிறகு சரிசெய்யலாம்.

ஓவியப் பெட்டிக்குள் பாச்சை உருண்டை போடலாமா?
– வாசகர், மிண்ட்

வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக் கவர்களை இளக்கிவிடும், மூச்சுக்கும் நல்லதில்லை. வேப்பிலையும் உதவாது, பச்சையாகப் போட்டால் ஈரத்தைத்தான் சேர்க்கும். இராமபாணப் பூச்சிக்கு வேண்டியது ஈரமும் மாவுப் பசையும் இருட்டும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தாளையும் புரட்டினாலே அது இடம் மாறிப் போய்விடும்.